தஞ்சைப் பெரிய கோயிலைப் பற்றி நாம் சொல்லிக்கொள்ளும் கதைகள்

தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தின், அதாவது கருவறைக்கு மேல் எழும் கோபுரத்தின், நிழல் தரையில் விழாது என்ற செய்தியைக் கேட்காமல் தமிழ்நாட்டில் பள்ளிப் படிப்பை முடித்தவர் அரிது. பொது அறிவுப் புத்தகங்களில் அது அச்சாகியிருக்கிறது. பட்டிமன்ற மேடைகளில் கைதட்டல் வாங்கியிருக்கிறது. கோயில் முற்றத்தில் நின்று சுற்றுலாப் பயணிகளுக்கு விளக்கம் சொல்பவர்களில் பலர் இன்றும் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். மாலை நான்கு மணிக்கு விமானத்தின் நீண்ட நிழல் நந்தி மண்டபத்தை நோக்கிக் கிழக்கே படுத்துக் கிடக்கும்போதே, அந்த நிழலுக்குள் வெயிலுக்கு ஒதுங்கி நின்றபடியே, நிழல் விழாது என்று சொல்வதையும் கேட்பதையும் நான் பலமுறை பார்த்திருக்கிறேன். சொல்பவர் பொய் சொல்லவேண்டும் என்று நினைத்துச் சொல்வதில்லை. கேட்பவரும் அறிவில்லாதவர் அல்லர். பெருமையோடு சேர்ந்து வந்த ஒரு செய்தியைக் கண்ணால் சோதித்துப் பார்ப்பது மரியாதைக் குறைவு என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. அந்த எண்ணத்தோடு எனக்கு உடன்பாடு இல்லை; நேசிக்கும் கோயிலைச் சரியாக அறிந்துகொள்வதும் வழிபாட்டின் ஒரு பகுதிதான் என்று கருதுகிறேன்.

நிழல் பற்றிய நம்பிக்கைக்கு ஓர் உண்மையான அடிப்படை உண்டு என்பதால் அதை விரிவாகவே பார்க்கலாம். விமானத்தின் உயரம் தரையிலிருந்து ஏறத்தாழ 60 மீட்டர். அடித்தளம் ஏறத்தாழ 30 மீட்டர் பக்கமுள்ள சதுரம். அதாவது உச்சிக்கு நேர் கீழே உள்ள மையப் புள்ளியிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் 15 மீட்டர் தாண்டினால்தான் வெறுந்தரை வரும். தஞ்சாவூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 10.8 பாகையில் இருக்கிறது. ஆகவே ஏப்ரல் மாதத்தின் நடுப்பகுதி கடந்த சில நாட்களிலும் ஆகஸ்டு மாதத்தின் பிற்பகுதியிலும் நண்பகலில் சூரியன் நேர் தலைக்கு மேலே வந்து நிற்கும். அந்த நாட்களில் உச்சியின் நிழல் மட்டுமல்ல, கம்பத்தின் நிழல், பனைமரத்தின் நிழல், நம்முடைய நிழல் எதுவுமே காலடியை விட்டு நகராது. ஜூன் மாதத்தில் சூரியன் வடக்கே சற்றுச் சாய்ந்திருக்கும். அப்போது நண்பகலில் கலசத்தின் நிழல் மையத்திலிருந்து தெற்கே 13 அல்லது 14 மீட்டர் தூரத்தில் விழவேண்டும். ஆனால் 15 மீட்டர் வரை அடித்தளமே இருப்பதால் அது கோயிலின் மேலேயே விழுந்து முடிந்துவிடுகிறது. ஏறத்தாழ மார்ச் நடுவிலிருந்து செப்டம்பர் இறுதி வரை, உச்சிவேளையில் மட்டும், கலசத்தின் நிழலைத் தரையில் தேடினால் கிடைக்காது என்பது இந்தக் கணக்கிலிருந்து தெரிகிறது. கோடை விடுமுறையில் குடும்பத்தோடு வந்து நண்பகலில் முற்றத்தில் நின்றவர்கள் கண்டது உண்மையைத்தான். அவர்கள் கண்டதிலிருந்து 'நண்பகலில்' என்ற சொல்லும் 'கோடையில்' என்ற சொல்லும் உதிர்ந்துபோய், எந்த நாளும் எந்த நேரமும் விழாது என்ற கதை மட்டும் மிஞ்சியது.

மார்கழியில் அதே உச்சிவேளையில் வந்து பார்த்தால் கதை நிற்காது. சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும் அந்த நாட்களில் கலசத்தின் நிழல் மையத்திலிருந்து வடக்கே ஏறத்தாழ 40 மீட்டர் போய் விழும். விமானத்தின் வடபுறம் சண்டிகேசுவரர் சன்னிதி இருக்கிறது. விமானத்தின் நிழல் அதன்மேல் ஏறி, அதையும் கடந்து வட முற்றத்தின் தரையில் கிடப்பதைக் கண்ணால் காணலாம். ஒரு குறிப்பு: தஞ்சையில் சூரியன் உச்சிக்கு வருவது கடிகாரம் பன்னிரண்டு காட்டும்போது அன்று, இந்திய நேரம் இன்னும் கிழக்கே உள்ள தீர்க்கரேகையை ஒட்டி வைக்கப்பட்டிருப்பதால் பெரும்பாலான நாட்களில் பன்னிரண்டேகால் மணியை ஒட்டித்தான் உச்சி வரும். சோதித்துப் பார்க்க விரும்புகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும்.

இரண்டாவது கதை உச்சிக் கல்லைப் பற்றியது. எண்பது டன் எடையுள்ள ஒரே கல்லைச் சாரப்பள்ளம் என்ற ஊரிலிருந்து பல கிலோமீட்டர் நீளத்துக்குச் சரிவுப் பாதை அமைத்து யானைகளால் இழுத்து ஏற்றினார்கள் என்பது அந்தக் கதை. கேட்கும்போது மெய்சிலிர்க்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் விமானத்தை அளந்து ஆராய்ந்தவர்கள் சொல்வது வேறு: உச்சியில் உருண்டு தெரியும் எண்கோணச் சிகரம் ஒற்றைக் கல் அன்று, பழத்தின் சுளைகளைப் போல வெட்டிய பல கற்களைப் பொருத்தி அமைக்கப்பட்டது. கல் அடுக்கிக் கட்டும் முறையை அறிந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது. கீழிருந்து மேல்வரை ஒவ்வொரு நிலையிலும் கற்களைப் பிரித்து வெட்டி, பொருத்தி, எடையால் எடையைத் தாங்கவைத்துக் கட்டிய தச்சர்கள், கடைசிப் படியில் மட்டும் அந்த அறிவை மறந்துவிட்டு எண்பது டன் பாறையை ஏன் ஏற்றவேண்டும்? விமானத்தின் உட்புறம் முழுதும் நிரப்பப்படாமல் கூடாக விடப்பட்டிருக்கிறது. சுவர்கள் மேலே போகப்போக உள்நோக்கி நெருங்கி ஒன்றையொன்று தாங்குகின்றன. அந்தக் கூட்டின் உச்சியைச் சிகரத்தின் பாரமே அழுத்திப் பிடித்து நிற்கச் செய்கிறது. ஒற்றைக்கல் கதை யானைகளின் வலிமையைப் புகழ்கிறது. தச்சனின் கணக்கைப் புகழ அது மறந்துவிடுகிறது. எனக்கு அந்தக் கதை பிடிக்காமல் போனதற்குப் பெரிய காரணம் இதுவே.

அந்தத் தச்சன் பெயர் தெரியாதவனும் அல்லன். இவ்வளவு பெரிய கோயிலைக் கட்டியவன் யாரென்று வரலாறு மறைத்துவிட்டது என்று கட்டுரைகளில் உருக்கமாக எழுதுகிறார்கள். கோயிலின் கல்வெட்டிலேயே வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் என்ற பெயர் இருக்கிறது. நித்தவினோதப் பெருந்தச்சன், கண்டராதித்தப் பெருந்தச்சன் என்ற பெயர்களும் உண்டு. அரசன் தன் பெயரையே பட்டமாகக் கொடுத்துத் தலைமைத் தச்சனைக் கல்லில் எழுதிவைத்த பிறகு, மறைக்கப்பட்டான் என்று நாம் வருந்துவது படிக்காததால் வந்த வருத்தம்.

நந்தியின் கதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லக்கூடியது. நந்தி வளர்ந்துகொண்டே போனதாகவும் அதன் முதுகில் ஆணி அடித்து வளர்ச்சியை நிறுத்தியதாகவும் சொல்லப்படுகிறது. இன்று மண்டபத்தில் இருக்கும் பெரிய ஒற்றைக்கல் நந்தி ராஜராஜன் வைத்தது அன்று. அதுவும் அந்த மண்டபமும் நாயக்கர் காலத்தவை. திருச்சுற்று மாளிகையின் தென்பகுதியில் இருக்கும் சிறிய நந்தியே சோழர் காலத்து மூல நந்தி என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சின்ன நந்தி இருந்த இடத்தில் சில நூற்றாண்டுகள் கழித்துப் பெரிய நந்தி வந்ததைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த மக்கள், நந்தி வளர்ந்துவிட்டது என்று சொன்னார்களோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. இது என் ஊகம் மட்டுமே. ஊகத்தை விட்டுவிட்டாலும் ஒன்று உறுதி: நாம் ஒரே மூச்சில் 'ராஜராஜன் கோயில்' என்று சொல்லும் வளாகத்தில் பல காலத்துக் கைகள் உள்ளன. அம்மன் சன்னிதி பாண்டியர் காலத்தில் 13-ஆம் நூற்றாண்டில் எழுந்தது. நுணுக்கமான வேலைப்பாடுள்ள முருகன் கோயில் நாயக்கர் காலத்தது. திருச்சுற்றில் மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி 1803-இல் தம் குலவரலாற்றை நீண்ட மராத்திக் கல்வெட்டாக வெட்டுவித்தார். கருவறையைச் சுற்றிய உள்பாதையில் நாயக்கர் ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் மறைந்திருப்பதை 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். ஒரு படலம் உரிந்த இடத்தில் இன்னொரு காலம் தெரிந்தது. எல்லாவற்றையும் ஒருவனுக்கே எழுதிக்கொடுப்பது அவனுக்கும் பெருமை சேர்க்காது. பிறருக்கும் நியாயம் செய்யாது.

வேடிக்கைக் கதைகள் என்று இவற்றை விட்டுவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். ஆனால் இந்தக் கோயிலைச் சுற்றி வேடிக்கை என்று விடமுடியாத ஒரு நம்பிக்கையும் வளர்ந்திருக்கிறது. ஆட்சியில் இருப்பவர்கள் பெரிய கோயிலின் தலைவாயில் வழியாக வந்தால் பதவி போய்விடும், உயிருக்கு ஆபத்து வரும் என்பதுதான் அது. 1984-இல் தஞ்சையில் நடந்த ராஜராஜன் விழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தியும் முதலமைச்சர் எம்.ஜி.ஆரும் வந்தார்கள். அந்த ஆண்டு அக்டோபர் இறுதியில் இந்திரா காந்தி சுட்டுக் கொல்லப்பட்டார். அதே அக்டோபரில் எம்.ஜி.ஆர் நோயுற்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். இந்த இரண்டையும் கோயிலோடு முடிச்சுப் போட்டுவிட்டார்கள். பஞ்சாபில் அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் பொற்கோயிலுக்குள் ராணுவம் நுழைந்ததை அறிந்த எவருக்கும் இந்திரா காந்தியின் கொலைக்குக் காரணம் தேடித் தஞ்சாவூர் வரவேண்டிய தேவை இல்லை. எம்.ஜி.ஆரோ அமெரிக்க மருத்துவமனையில் இருந்தபடியே அந்த டிசம்பர் தேர்தலில் வென்று, 1987 டிசம்பரில் மறையும் வரை முதலமைச்சராகவே இருந்தார். 2010-இல் ஆயிரமாவது ஆண்டு விழாவுக்கு முதலமைச்சர் கருணாநிதி பக்கவாயில் வழியாக வந்ததாகச் செய்தித்தாள்கள் எழுதின. அதன் காரணம் எதுவாக இருந்தாலும், அடுத்த ஆண்டுத் தேர்தலில் அவருடைய கட்சி ஆட்சியை இழந்தது. தலைவாயிலில் வந்தவர் பதவியில் நீடித்தார், பக்கவாயிலில் வந்தவர் இழந்தார் என்று இதையே திருப்பிப் போட்டு இன்னொரு நம்பிக்கையை உருவாக்கிவிடலாம். அதுவும் இதே அளவுக்குத்தான் நிற்கும். அரசியலில் இருப்பவர்கள் தோற்பதும் முதுமையில் நோயுறுவதும் எல்லா ஊர்களிலும் நடப்பவை. தஞ்சைக்கு வந்துபோன பிறகு எதுவும் நேராதவர்களை யாரும் கணக்கில் எழுதிவைப்பதில்லை. கோயிலைக் கட்டிய ராஜராஜனே 1010-இல் விமானத்தின் உச்சிக்குக் குடம் கொடுத்த பிறகு 1014 வரை ஆண்டான்.

இந்த நம்பிக்கையில் என்னை உண்மையிலேயே வருத்தப்படவைக்கும் பகுதி 1997 ஜூன் மாதத்தைப் பற்றியது. குடமுழுக்குக்காக அமைத்த யாகசாலைப் பந்தலில் தீப்பற்றியதில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். எளிதில் பற்றும் கூரையின் கீழே பெருங்கூட்டம். வெளியேற வழி தேடி நெரிசல். இப்படிப்பட்ட ஒரு துயரத்தைக் கோயிலின் ராசி என்று சொல்லும்போது, பந்தல் எதனால் வேயப்பட்டிருந்தது, வழிகள் எத்தனை விடப்பட்டிருந்தன, தீயணைக்க என்ன வைக்கப்பட்டிருந்தது என்ற கேள்விகள் எல்லாம் ஓரமாகப் போய்விடுகின்றன. இறந்தவர்களுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை அந்தக் கேள்விகளை விடாமல் கேட்பதுதான். ராசியைக் குறை சொன்னால் பொறுப்பு ஏற்கவேண்டியவர் ஒருவரும் இல்லாமல் போய்விடுகிறார். 2020 பிப்ரவரியில் அதே கோயிலில் பெருங்கூட்டத்தின் நடுவே குடமுழுக்கு நல்லபடியாக நடந்து முடிந்ததையும் இதோடு சேர்த்துச் சொல்லவேண்டும்.

இத்தனை கதைகள் எப்படிச் சேர்ந்தன என்று யோசிக்கும்போது, கோயிலைக் கட்டியவன் யாரென்பதையே நாம் நீண்ட காலம் மறந்திருந்தோம் என்பது நினைவுக்கு வருகிறது. பிருகதீசுவர மாகாத்மியம் என்ற தலபுராணம், தொழுநோய் தீர்வதற்காகக் கரிகாலன் என்ற சோழன் கட்டினான் என்று கதை சொன்னது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை அரசின் கல்வெட்டு ஆய்வாளராக இருந்த ஹூல்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞர் சுவர்களில் இருந்த எழுத்துகளைப் படியெடுத்து, ராஜராஜனே கட்டியவன் என்பதை ஐயத்துக்கு இடமின்றி நிறுவினார். தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் இரண்டாம் தொகுதியின் பெரும்பகுதி இந்தக் கோயிலின் கல்வெட்டுகளுக்காகவே அமைந்தது. எழுத்து அதுவரை எங்கும் ஒளிந்திருக்கவில்லை. அதே சுவரில், தலை உயரத்தில், தினமும் வலம் வருபவர்களின் தோளை உரசியபடி இருந்தது.

அந்தச் சுவர் சொல்லும் செய்திகள் கதைகளைவிடச் சுவையானவை என்று நான் உறுதியாக நம்புகிறேன். "நாம் குடுத்தனவும், அக்கன் குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும், மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" ஸ்ரீவிமானத்தின் கல்லிலே வெட்டுக என்று அரசன் ஆணையிட்டது அங்கே இருக்கிறது. தமக்கை குந்தவையின் கொடையைத் தன் மனைவியரின் கொடைக்கு முன்னால் வைத்தான். விமானத்தின் உச்சிக்குக் கொடுத்த செப்புக்குடத்தின் எடை 3083 பலம் என்றும், அதன்மேல் போர்த்திய பொன்தகடு 2926½ கழஞ்சு என்றும், கொடுத்தது தன் ஆட்சியின் 25-ஆம் ஆண்டின் 275-ஆம் நாள் என்றும் எழுதிவைத்தான். அரைக் கழஞ்சையும் விடவில்லை. பொன்னை ஆடவல்லான் என்ற பெயரிட்ட எடைக்கல்லாலும், மணிகளைத் தட்சிணமேரு விடங்கன் என்ற எடைக்கல்லாலும் நிறுத்தார்கள். முத்துமாலை என்றால் வெறுமனே மாலை என்று எழுதி முடித்துவிடவில்லை. உருண்டை முத்து எத்தனை, கறடு எத்தனை, இரட்டை முத்து எத்தனை, சப்பத்தி எத்தனை என்று குறையுள்ளவற்றையும் பிரித்து எண்ணி எழுதினார்கள். கோத்த சரடும் ஒட்டிய அரக்கும் எடையில் சேர்ந்தனவா கழிக்கப்பட்டனவா என்பதுகூடக் குறிக்கப்பட்டிருக்கிறது. பின்னால் வருகிறவன் களவாடினால் கண்டுபிடிக்கவேண்டும் என்ற எச்சரிக்கை ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது.

விளக்குக்கான ஏற்பாடும் இப்படியே. ஓர் அணையா விளக்குக்குத் தொண்ணூற்றாறு ஆடுகள் ஓர் இடையரிடம் ஒப்படைக்கப்படும். அவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் கொண்டுவந்து அளக்கவேண்டும். கிழட்டு ஆடு சாகும், குட்டி பிறக்கும், எண்ணிக்கை குறையாது என்ற கணக்கில் அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்று எழுதினார்கள். பல ஊர்க் கோயில்களிலிருந்து, திருவாரூர், திருவையாறு, பழையாறு போன்ற இடங்களிலிருந்து, நானூறு தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயிலில் ஆடும் பெண்கள், தஞ்சைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். ஒவ்வொருவரின் பெயரும், வந்த கோயிலும், எந்தத் தெருவின் எந்தச் சிறகில் (வீட்டு வரிசையில்) எத்தனையாவது வீடு என்பதும் எழுதப்பட்டுள்ளன. ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு, அதாவது ஆண்டுக்கு நூறு கலம் நெல். நட்டுவனாருக்கு இரண்டு பங்கு. அடுத்து மேளக்காரர், கணக்கர், குடைபிடிப்பவர், நீர் தெளிப்பவர், குயவர், வண்ணார், தையற்காரர் என்று பட்டியல் நீள்கிறது. தலைமை நாவிதருக்கு இராசராசப் பெருநாவிசன் என்று பட்டம். தச்சனுக்குக் கொடுத்த அதே பெயர்.

சுவர் நமக்கு உவப்பானதை மட்டும் சொல்வதில்லை. சேரரையும் பாண்டியரையும் வென்று எடுத்துவந்த செல்வத்திலிருந்து செய்த அணிகள் இவை என்று கல்வெட்டே வெளிப்படையாகக் கூறுகிறது. கோயில் முழுக்கப் பக்தியால் மட்டும் எழுந்தது என்று பேசுகிறவர்களும், இதைச் சொன்னால் சோழரை இழிவுபடுத்துவதாகக் கோபப்படுகிறவர்களும் ராஜராஜன் ஒளிக்காததை ஒளிக்கப் பார்க்கிறார்கள். அவன் அதைப் பெருமையாகவே எழுதினான்; படிக்கும் நாம் வேறுவிதமாக நினைக்கலாம். ஆனால் எழுதியதை எழுதியபடி அறியவேண்டும். அதேபோல் முடியாததையும் சுவர் மறைக்கவில்லை. உள்பாதையின் மேல்தளத்தில் சிவன் ஆடும் 108 கரணங்களை, அதாவது நடன நிலைகளை, செதுக்கத் தொடங்கியவர்கள் 81 முடித்தார்கள். மீதி 27 கற்கள் உருவம் பெறாமல் அப்படியே நிற்கின்றன.

கோயிலுக்கு வரும் பள்ளிப் பிள்ளைகளுக்கு இவற்றைச் சொல்ல ஆள் வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியின் பிரதி இணையத்தில் கிடைக்கிறது. அதைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு விமானத்தின் வடபுறச் சுவரில் முதல் கல்வெட்டு தொடங்கும் இடத்துக்குப் போகலாம். காலைச் சாய்வெயிலில் எழுத்தின் பள்ளங்கள் நன்றாகத் தெரியும். கிரந்த எழுத்துகள் கலந்திருப்பதாலும் புள்ளி இல்லாமல் எழுதியிருப்பதாலும் முதல் இரண்டு வரிகள் மெதுவாகத்தான் நகரும். பிறகு 'குடுத்தன' என்ற சொல் திரும்பத் திரும்ப வருவதைப் பிள்ளைகள் தாமே கண்டுபிடித்துவிடுவார்கள். அதற்கடுத்து எண்களைத் தேடத் தொடங்குவார்கள்.